தீயில் இரண்டான சுருள்

தஞ்சாவூர்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தைக் கழிக்காதே, மருத்துவரைப் பார். திரையில் ஓவியம் பார்ப்பது சாப்பாட்டுக் கடைப் பலகையைப் பார்த்துப் பசியாறுவது போல என்று எழுதியிருந்தாய். போன மாதம்வரை நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த பேரன் தன் டேப்லெட்டை இங்கேயே மறந்துவிட்டுப் போனான். வம்பு அங்கே தொடங்கியது.

தைவானில், தைபேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகம் தன் ஓவியங்களின் படங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் பதினான்காம் நூற்றாண்டுச் சீன ஓவியர் ஹுவாங் கொங்வாங்கின் 'ஃபுச்சுன் மலைகளில் வாழ்தல்' என்ற சுருள் ஓவியம் கிடைத்தது. ஓவியப் பள்ளியில் தபாலட்டை அளவில் கறுப்பு வெள்ளையில் பார்த்து, "இதில் என்ன இருக்கிறது?" என்று நாம் புரட்டிவிட்டுப் போன அதே படம். உயரம் 33 சென்டிமீட்டர், நீளம் ஆறு மீட்டருக்கு மேல். தபாலட்டையில் என்னதான் தெரியும்?

முதல் நாள் பழக்க தோஷத்தில் இடப்பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டேன். சீனச் சுருள் வலமிருந்து இடம் போவது. மறுநாள் வலக்கோடியிலிருந்து விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனபோது ஒன்று உறைத்தது. இது சுவரில் மாட்ட வரைந்ததே அல்ல. மேசையில் ஒரு கை நீளம் விரித்து, பார்த்ததைச் சுருட்டி, அடுத்ததை விரித்து, ஓரிரு நண்பர்கள் கூடிப் பார்ப்பதற்கு. கண்ணாடிப் பேழைக்குள் நீட்டிப் போட்டதை, பின்னால் வருபவர் முதுகில் இடிக்க நகர்ந்தபடி பார்ப்பதைவிட, இந்த விரல் தள்ளல் பழைய முறைக்கு நெருக்கமாக இருக்கிறது.

1650இல் இதை வைத்திருந்த வூ ஹொங்யூ, சாகும் தறுவாயில், தன்னோடு இதையும் எரிக்கச் சொன்னாராம். சுருள் தீயில் விழுந்த பிறகு அவருடைய சகோதரர் மகன் வேறொரு சுருளைப் போட்டுவிட்டு இதை வெளியே இழுத்திருக்கிறான். அதற்குள் இரண்டு துண்டு. சின்னது சீனாவில், ஹாங்சோவில் இருக்கிறது, அரை மீட்டர்தான். பெரியது தைபேயில். 2011இல் தைபேயில் சுமார் இரண்டு மாதம் இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். நான் என் சாப்பாட்டு மேசையில், மோர்க் குவளைக்குப் பக்கத்தில், சேர்த்து வைத்தேன். பெரிய துண்டின் தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தீப்பட்ட ஓட்டைகளை ஒட்டுப்போட்டு அடைத்த தடம் தெரிகிறது. சுருட்டியபடியே எரிந்ததால் ஒரே ஓட்டை சுற்றுக்குச் சுற்று திரும்ப வருகிறது. போகப் போகச் சிறுத்து மறைகிறது. அதைத் தாண்டினால், சணல் நாரைப் பிரித்துப் போட்டதுபோல் காய்ந்த தூரிகைக் கோடுகள். அந்த இடத்தில் ஒரு பகல் போனது.

இன்னொரு கூத்து. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட சியென்லொங் பேரரசரிடம் முதலில் வந்து சேர்ந்தது ஒரு நகல். அதை அசல் என்று நம்பி, வெற்றிடம் கண்ட இடமெல்லாம் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதித் தள்ளினார். 1746இல் அசல் வந்தபோது அதைப் போலி என்று ஒதுக்கிவிட்டார். அந்தத் தவறால் அசலின் வானம் தப்பியது! நகலும் தைபேயில்தான் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது.

உன் பக்கமும் நியாயம் உண்டு. வெளிச்சத்தைக் கூட்டினால் காகிதம் வெளுத்துப்போகிறது, குறைத்தால் தேநீர் நிறமாகிறது. எது உண்மை நிறம் என்று நான் யாரைக் கேட்பேன்? மை காகிதத்துக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் திரைக் கண்ணாடிக்கு அடியில் காண முடியவில்லை.

ஹுவாங் இதை எண்பது வயதையொட்டி, வூயொங் என்ற நண்பருக்காக, ஆண்டுக்கணக்கில் வரைந்தார். யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்த வூயொங், படம் முடிவதற்கு முன்பே தன் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார். நீயும் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான்.

பேரன் டேப்லெட்டைக் கூரியரில் அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறான். தீபாவளிவரை ஏதாவது சாக்குச் சொல்லி வைக்கிறேன். அதற்குள் வந்துவிடு. வரும்போது படிக்கும் கண்ணாடியை மறக்காதே.

அன்புடன்,
வேலாயுதம்