ஜெர்மனியில், யேனாவில் இருக்கும் மகனுக்கு

நாகர்கோவில்
ஜனவரி 11, ஞாயிறு இரவு

அன்பு மக்களே,

தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்ப்பதும் நான், திட்டு வாங்குவதும் நான். பெரியத்தை பேத்தி கல்யாணம் அடுத்த மாதம். கேரல் ரவுண்டுக்கு இந்த வருஷம் டெனர் குரலில் இரண்டே பேர். உன் இடத்தில் நின்றவன் நோட்டைப் பார்க்காமல் பக்கத்து ஆள் வாயைப் பார்த்துப் பாடுகிறான்.

கிறிஸ்துமஸ் அன்று நீ பேசியது இரண்டு நிமிஷம். அறையில் இருக்கிறேன் என்றாய். பின்னால் தட்டு அடுக்கும் சத்தம் கேட்டது. ஓர் அறையில் இருக்கிற இரண்டு மூன்று தட்டு இல்லை அது, முப்பது நாற்பதாவது இருக்கும். நாற்பது வருஷம் ஆர்கன் வாசித்த காது, தப்பாது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. அங்கே ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுமாமே. குல்லா போட்டு காதை மூடிக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. இசை மேதை பாக் பற்றி. சிரிக்காதே. நீ இருக்கும் ஊரில் அவருக்கு ஒரு சம்பந்தம் உண்டு, அதை உன்னிடம் சொன்னதே இல்லை.

நான் உனக்குச் சொன்ன பாக் எல்லாம் வெறும் உழைப்புதான். பத்து வயது நிறையும் முன்னே அப்பாவையும் அம்மாவையும் இழந்த பையன். 1705இல் ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து லூபெக் வரை 400 கிலோமீட்டர் நடந்தே போய், அந்தக் காலத்துப் பெரிய ஆர்கனிஸ்ட் பக்ஸ்டெஹூடெ வாசிப்பதைக் கேட்டவர். ஸ்கேல் வாசிக்க மாட்டேன் என்று நீ அழும்போதெல்லாம் அந்த 400 கிலோமீட்டரை எடுத்து உன் முன்னால் வைப்பேன். நாலு வாரம் லீவு கேட்டுவிட்டு நாலு மாதம் கழித்துத் திரும்பினார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

மூத்தவன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்கு ஒன்பது வயதில் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தாரே, 1720 ஜனவரி 22 என்று தேதி போட்டு, நினைவிருக்கிறதா? முதல் பாடத்தில் எந்த விரல் என்று எண் போட்டிருக்கும். வலது கை மேலே ஏறும்போது 3, 4, 3, 4. பெருவிரலுக்கு வேலையே இல்லை. எட்டு வயதில் நீ அதை வாசித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, நண்டு நடக்கிற மாதிரி இருக்கு" என்றாய். அடுத்த வாரமே இன்வென்ஷன் என்ற அவருடைய சின்ன உருப்படிகளில் முதலாவதை நோட்டு இல்லாமல் வாசித்தாய். அதை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன்.

லைப்சிக்கில் அவரிடம் படித்த கெர்பர் என்ற மாணவரின் மகன் எழுதி வைத்திருக்கிறார்: சில நாள் பாடம் எடுக்க மனசில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு பாக் தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாராம், மணிக்கணக்கு நிமிஷமாய் ஓடிப்போகுமாம். நான் உனக்கு அப்படி ஒருநாளாவது வாசித்துக் காட்டினேனா? அடிஸ்கேலோடுதான் நின்றேன்.

சரி, சொல்ல வந்தது இவர்களைப் பற்றி இல்லை. பாக்கின் மூன்றாவது மகன் ஒருத்தன், யோஹான் கோட்ஃப்ரீட் பெர்ன்ஹார்ட். 1715இல் வைமாரில் பிறந்தவன். உனக்கு ரயிலில் பக்கத்து ஊர். ஐந்து வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா அப்போது இளவரசரோடு கார்ல்ஸ்பாடில். அவர் வீடு வந்து சேரும்போது அடக்கமே முடிந்திருந்தது.

இருபது வயதில் அவனுக்கு முயுல்ஹவுசனில் ஆர்கனிஸ்ட் வேலை. அப்பா கடிதம் எழுதி வாங்கிக் கொடுத்தது. 1737இல் சாங்கர்ஹவுசன். அதற்கும் அப்பாவின் கடிதம்தான். இதைக் கவனி. அந்த வேலை 1702இல் பாக்குக்கே கிடைக்க வேண்டியது. பதினேழு வயது. தேர்ந்தெடுத்தும்விட்டார்கள், பிரபு நடுவில் புகுந்து வேறு ஆளைப் போட்டுவிட்டார். 35 வருஷம் கழித்து அதே கோயிலில் பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

ஒரு வருஷம்தான். 1738இல் பையனைக் காணோம். கடனை வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். அந்த ஊர்ப் பெரிய மனிதர் க்ளெம் என்பவருக்கு மே 24 அன்று பாக் எழுதிய கடிதம் இருக்கிறது. முன்னால் ஒருமுறை கடனை அடைத்தேன், புத்தி சொன்னேன், பலிக்கவில்லை, எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை, என் சிலுவையைப் பொறுமையாய்ச் சுமக்கிறேன் என்கிறார். அவன் வாயாலோ எழுத்தாலோ ஒத்துக்கொள்ளும்வரை கடனைக் கட்டச் சொல்லாதீர்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. இளம் வயதில் அதைப் படித்தபோது, தகப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

1739 ஜனவரியில் அவன் உங்கள் யேனா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் பெயர் பதிந்தான். மே 27 அன்று காய்ச்சலில் செத்துப் போனான். 24 வயது.

உனக்கு அடுத்த மாதம் 24. பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் கஷாயம், மாத்திரை என்று இழுத்தடிக்காமல் டாக்டரைப் பார். இன்சூரன்ஸ் இருக்கிறதுதானே? பல்கலைக்கழகத்தில் பெயர் இருந்தால்தான் மாணவர் இன்சூரன்ஸ் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று கேட்காதே. குல்லா போடு.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு அனுப்பின உன் மோட்டிவேஷன் லெட்டரை எழுதியது நான். நீ கையெழுத்து மட்டும் போட்டாய். "ஒளியியலில் சிறு வயது முதல் தீராத ஆர்வம்" என்று முதல் வரியிலேயே பொய். உனக்கு ஆசை இருந்தது ஒலியில். வடசேரியில் மைக் செட் கடையில் சேருகிறேன் என்று வந்து நின்றாய். ஆர்கனிஸ்ட் மகன் கோயில் கொடைக்கு ஸ்பீக்கர் கட்டுவதா என்று கேட்டேன். ல வேறு ள வேறு என்று உன்னைத் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தவன், காரியத்தில் நானே மாற்றிவிட்டேன். 1987இல் ஜெர்மனிக்கு ஆர்கன் படிக்க எனக்கு வந்த இடம் டிக்கெட் பணத்தால் போனதே, அந்தக் கதை உனக்குத் தெரியும். உன் விமானம் திருவனந்தபுரத்தில் ஏறினபோது அம்மா அழுதாள். நான் அழவில்லை, சந்தோஷப்பட்டேன். உனக்காக இல்லை என்பது இப்போதுதான் எனக்கே புரிகிறது.

சீட்டு எடுத்து 60,000 ரூபாய் உன் நாகர்கோவில் கணக்கில் போட்டிருக்கிறேன். டிக்கெட்டுக்கோ, வேறு எதற்கோ. வாயாலும் வேண்டாம், எழுத்தாலும் வேண்டாம். அம்மாவுக்குத் தெரியாது.

இங்கே ராத்திரி பத்து மணி என்றால் உனக்கு ஐந்தரை. அம்மா தூங்கின பிறகு நான் மாடியில்தான் இருப்பேன். வேலை நேரம் என்றால் பரவாயில்லை, தட்டுச் சத்தத்தோடேயே பேசு.

உன் அப்பா

பி.கு. மைக் செட் கடைக்காரர் சர்ச் அசன விருந்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்ட வந்திருந்தார். பாஸ் ஸ்பீக்கரில் இரைச்சல், யாருக்கும் பிடிபடவில்லை. "உங்க பையன் இருந்தா கேட்டதும் சொல்லியிருப்பான் சார்" என்றார். மாங்காய் ஊறுகாய் பார்சலில் வருகிறது, மூடியை நிமிர்த்தி வைத்துத் திற.