கார்டு வாங்கச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று எழுதிய வாசகருக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் வரைந்து தரும் பாகம்) வாங்கச் சொல்லியிருந்தீர்கள். கணினி பழுது பார்க்கிறவன் என்ற முறையில் என்னால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எப்போது திக்குகிறது என்று அவரும் சொல்லவில்லை, பதில் எழுதியவரும் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் வினாடிக்கு 60 பிரேம் (திரையில் மாறி மாறி வரும் படங்கள்) வந்து, கொஞ்ச நேரத்தில் 25, 30 என்று இறங்கினால் பெரும்பாலும் சூடுதான் காரணம். கணினியின் மூளையான பிராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் அறைக்காற்றே கொதிக்கும். அந்தக் காற்றைத்தானே ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும்? குற்றாலத்தில் சாரல் பிடித்து இங்கே காற்று வீசத் தொடங்கியதும் அதே லேப்டாப் ஒழுங்காக ஓடும். "தானா சரியாயிட்டுண்ணே" என்பார்கள் பையன்கள்.

தானாகச் சரியாவதில்லை. திறந்து பார்த்தால் ஃபேனுக்கும் அதன் எதிரே இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். வெளியே இருந்து ஊதினால் போகாது, ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். சூட்டைக் கடத்துவதற்காக பிராசசர் மேல் தடவிய பேஸ்ட்டும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அப்புறமும் மெத்தை மேல் வைத்து விளையாடினால் அடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டுப் பழையபடி ஆகிவிடும்.

தொடக்கத்திலிருந்தே பிரேம் குறைவு என்றால் விஷயம் வேறு. மானிட்டர் ஒயரை கார்டில் சொருகாமல் மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகை) சொருகிவிட்டு, வாங்கிய கார்டைச் சும்மா கிடக்க விட்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லேப்டாப் பேட்டரியில் மட்டும் ஓடினால் வேகம் குறையும், சார்ஜர் சொருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனி கார்டு இல்லாத கணினியில் ஒரே ஒரு 8 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்) இருந்தால், அதே மாதிரி இன்னொன்று போட்டாலே வித்தியாசம் தெரியும். கிராஃபிக்ஸும் அந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது, இரண்டு இருந்தால் டேட்டா இரண்டு வழியாக வரும். செலவே வேண்டாமா, ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். படம் வழுவழுவென்று ஓடி எதிராளி மட்டும் இங்கிருந்து அங்கே குதித்தால் அது நெட் கோளாறு, எந்தக் கார்டும் தீர்க்காது.

இவ்வளவும் பார்த்த பிறகும் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) 99 சதவீதத்திலேயே நின்றால், சரி, கார்டு மாற்றட்டும், பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்துவிட்டு. ஜிபியு 55, 60 சதவீதத்திலேயே நின்றுகொண்டு பிரேமும் குறைந்தால் அநேகமாக பிராசசர்தான் திணறுகிறது.

இன்னொன்று. அந்த வாசகரிடம் இருப்பது லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. பெரும்பாலான லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். நினைத்தாலும் மாற்ற முடியாது. அடுத்த இதழில் அதையாவது அவரிடம் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்,
பாளையங்கோட்டை.