வடிகால் விவாதமும் வாதத்தின் வலிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையின் மழைநீர் வடிகால்கள் பயனளித்தனவா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இரு தரப்பினரும் அழுத்தமாகவே எழுதுகிறார்கள். ஆனால் காரணத்துக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பை நிறுவிக் காட்டியவர்கள் மிகச் சிலரே.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்திலும் இதே பேச்சு எழுந்தது. “வடிகால் கட்டினார்கள், இந்த மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, ஆகவே வடிகால் நன்றாக வேலை செய்கிறது” என்றார் ஒருவர். பலரும் தலையசைத்தோம். மூத்த அம்மையார் ஒருவர் மட்டும், “போன வருஷம் ஒரே நாளில் எவ்வளவு மழை பெய்தது, இந்த வருஷம் எவ்வளவு?” என்று கேட்டார். யாரிடமும் விடை இல்லை. அதற்குள், “நீங்கள் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர்தானே” என்று ஒரு குரல் எழ, கேள்வி அங்கேயே அமுங்கிப்போனது. எதிர்த்தவர் கேட்டார் என்பதால் பெய்த மழையின் அளவு மாறிவிடுமா? அன்று நானும் வாய்திறக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

அந்த அம்மையார் கேட்டது நம் மரபுக்குப் புதியதன்று. மணிமேகலையின் 29ஆவது காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் அளவை நெறியை, அதாவது தருக்க முறையை, மணிமேகலைக்குக் கற்பிக்கிறார். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று; புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம்; அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அத்துடன் நில்லாமல், நெருப்பில்லாத இடத்தில் புகையும் இராது, நீரைப் போல, என்று மறுதலையையும் அவர் காட்டுகிறார். வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வடிகாலே இல்லாத பக்கத்துத் தெருவிலும் இவ்வாண்டு தண்ணீர் நிற்கவில்லை என்றால், நாங்கள் சொன்ன காரணம் உண்மையாக இருந்தும் முடிவைத் தாங்காது. மாறாக, அதே தாழ்வும் அதே மழையும் கொண்ட அந்தத் தெருவில் நீர் தேங்கி, எங்கள் தெருவில் வடிந்திருந்தால், அதை மறுப்பது எளிதன்று. நகரின் வானிலை நிலையங்களான நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் பதிவாகும் மழையே ஒரே நாளில் வெகுவாக வேறுபடுவதுண்டு என்பதால், நகரின் பொதுவான கணக்கும் இதற்கு உதவாது.

ஒரே ஒரு சுரங்கப்பாதையில் நீர் தேங்கிய படத்தைக் காட்டி முழுத் திட்டமும் வீண் என்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கடிதங்களை வெளியிடும்போது, எத்தகைய சான்று கிடைத்தால் தம் முடிவை மாற்றிக்கொள்வார் என்பதை எழுதுபவரிடமே கேட்டு, ஒரு வரியாக அச்சிடுங்கள். வடிகால் பற்றிய அடுத்த கடிதத்திலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை.