ஊசிக்கு முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களுக்கான டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) சிகிச்சையைப் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரை, யாருக்கு ஊசி தேவை என்பதை நன்றாக விளக்கிவிட்டு, தொடங்கிய பின் செய்ய வேண்டியதை ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆறு ஆண்டுகளாக அந்த ஊசியைப் போட்டுக்கொள்பவன் என்ற முறையில் விடுபட்டதை எழுதுகிறேன்.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை அகற்றிய பிறகு, எனக்கு இந்த ஹார்மோன் சுரப்பது ஏறத்தாழ நின்றுபோனது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். வேலை நெருக்கடியில் மருத்துவரிடம் திரும்பச் செல்லாமல், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி, தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொண்டே 14 மாதங்களை ஓட்டினேன். சீட்டின் தேதியைக் கடையிலும் பார்க்கவில்லை, கிளினிக்கிலும் கேட்கவில்லை. தலைபாரம் தாங்காமல் ஒருநாள் பரிசோதித்தபோது ஹிமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 56 சதவீதமாக இருந்தது. 54-ஐத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகி உறையும் அபாயம் கருதி ஊசியை நிறுத்திவைக்க வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை. அவ்வாறே நிறுத்தி, அளவு இறங்கிய பிறகு, குறைந்த மருந்தோடு மீண்டும் தொடங்கினார்கள். தவறில் பாதி என்னுடையதுதான். தொடங்கிய 3 முதல் 6 மாதங்களுக்குள் ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் ஹிமாட்டோக்ரிட்டையும் ஹார்மோன் அளவையும், நடுவயதைக் கடந்தவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியின் கோளாறைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் புரதத்தின் அளவையும் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் அறிந்தேன்.

தொடக்கத்திலேயே தவறு நேர்வதும் உண்டு. பாரிமுனையில் கணக்கெழுதும் என் மைத்துனர், வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்து, அளவு குறைவு என்ற முடிவோடு ஊசிக்குத் தயாராகிவிட்டார். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்குவது இயல்பு. வெறும் வயிற்றில், காலை எட்டு மணிக்கு, வெவ்வேறு இரண்டு நாள்களில் எடுத்தபோது இரண்டுமே சரியாக இருந்தன. சோர்வுக்குக் காரணம் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய்.

எனக்குப் பெரிய கவலை, எங்கள் பகுதி உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போய், இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றியது. ஊசி வழியே ஹார்மோன் வந்தவுடன், விந்தகத்துக்குப் பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை நின்று, விந்தணு உற்பத்தி குறைந்து, சிலருக்கு முற்றிலும் இல்லாமலே போகிறது. நிறுத்திய பிறகும் அது திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். ஆண்மைக்கென்று போடும் ஊசியால் பிள்ளைப்பேறு தள்ளிப்போகிறது என்பதை, மின்சார ரயில் பெட்டிகளில் ஒட்டப்படும் விளம்பரங்கள் எதுவும் சொல்வதில்லை.

இவ்வாறு எழுதுவதால் சிகிச்சையே ஆபத்து என்று எவரும் கொள்ள வேண்டாம். இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை; ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்த உறைவும் சற்று மிகுந்திருந்தன. தேவைப்படுபவருக்கு மருந்து வேண்டும், கண்காணிப்போடு வேண்டும்.

ஆகவே, ரத்தம் எடுத்த நேரத்தை ஆய்வகங்கள் முடிவுத்தாளில் தெளிவாக அச்சிடவும், காலாவதியான சீட்டுக்கு மருந்துக் கடைகள் ஊசி தராதிருக்கவும் சுகாதாரத் துறை வலியுறுத்த வேண்டுகிறேன். என்னை இப்போது பார்க்கும் மருத்துவர், அடுத்த பரிசோதனைத் தேதியைச் சீட்டின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதித் தருகிறார். அந்தத் தேதி கடந்துவிட்டால், அவர் அடுத்த ஊசிக்குச் சீட்டு எழுதுவதில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21