அடிபட்டவருக்கும் அட்டவணையில் இடம் கொடுங்கள்

சென்னையின் ஓட்டக் குழுக்களை நடத்தும் பயிற்சியாளர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஜனவரி மாரத்தானுக்கான பயிற்சி அட்டவணையை ஒவ்வொரு ஆண்டும் பார்த்துப் பார்த்துத் தயாரிக்கிறீர்கள். செவ்வாய் இன்டர்வெல் (வேகமும் மெதுவும் மாறி மாறி), வியாழன் டெம்போ (விடாமல் ஒரே வேகத்தில் கொஞ்சம் கடினமான ஓட்டம்), ஞாயிறு லாங் ரன். யார் எந்த வேகக் குழுவில் ஓட வேண்டும், எலியட்ஸ் பீச்சில் கிளம்பினால் தண்ணீர் எங்கெங்கே கிடைக்கும் என்பது வரை அதில் இருக்கும். காலில் அடிபட்டவர் அந்த வாரம் என்ன செய்வது என்பது மட்டும் இருக்காது. "ரெஸ்ட் எடுங்க, சரியானதும் வாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும், கூடவே நாலைந்து கைகூப்பு எமோஜிகள். அத்தோடு சரி.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில், ஓட முடியாதவருக்கான மாற்றுப் பயிற்சியையும் எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் நான் கேட்பது அவ்வளவுதான்.

பொதுவாக அக்டோபர், நவம்பரில், லாங் ரன் 25, 28 கிலோமீட்டர் என்று ஏறும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள். ஒருவருக்கு ஷின்னில் (முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில்) வலி, இன்னொருவருக்குக் குதிகாலில், வேறொருவருக்கு முழங்காலின் வெளிப்பக்கத்தில். ரெஸ்ட் என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டவர்களில் பாதிப்பேர் குழுவை விட்டே காணாமல் போகிறார்கள். மீதிப்பேர் ஃபிட்னஸ் போய்விடுமே என்ற பயத்தில், வலி முழுதாகப் போகும் முன்பே ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இரண்டாவது வகையினர்தான் கவலைக்குரியவர்கள். அவர்களை வீட்டில் நிறுத்தி வைக்க அறிவுரை போதாது. கையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. சில நாள் ஓடாமல் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் வாரங்கள் ஆக ஆகக் கணக்கு மாறுகிறது. நன்கு பயிற்சி பெற்றவர்களை முழுதாக நிறுத்திவைத்துப் பார்த்த 1984 ஆய்வொன்றில், முதல் 3 வாரங்களுக்குள்ளேயே விஓ2 மேக்ஸ், அதாவது உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் அளவு, சுமார் 7 சதவீதம் குறைந்தது. அந்தத் தொடக்கச் சரிவுக்குப் பெரிய காரணம் உடலில் ரத்தத்தின் அளவு குறைவதும், அதனால் இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தம் குறைவதும்தான். இதயத்துக்குக் கால் ஓடுகிறதா, தண்ணீரில் துழாவுகிறதா என்பது முக்கியமில்லை. அதற்கு வேலை வந்தால் போதும்.

அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட்டின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1984இல் அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு 17 நாள் இருக்கும்போது அவருக்கு முழங்காலில் ஆர்த்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை. காலை அசைக்க முடியாத நாட்களில் சைக்கிள் பெடலைக் கையால் சுற்றிப் பயிற்சி செய்தார். தகுதிப் போட்டியில் ஜெயித்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பெண்கள் மாரத்தானை 2:24:52இல் முடித்துத் தங்கம் வாங்கினார். ஆனால் தயவுசெய்து ஞாயிறு காலையில் உற்சாகமூட்ட இதைச் சொல்லிவிடாதீர்கள். கேட்டவர்களில் ஒருவராவது அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரம் மாரத்தானுக்கு வந்து நிற்பார். எனக்குப் பார்க்கர் வால்பிதான் பொருத்தமான உதாரணமாகத் தெரிகிறார். அடிக்கடி காயப்பட்ட அந்த அமெரிக்கப் பெண், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஓடி, மிச்ச நாட்களை ஆர்க் டிரெய்னர் என்ற ஜிம் இயந்திரத்திலும் நீச்சல்குளத்திலும் கழித்து, 2023இல் அமெரிக்கக் கல்லூரிகளின் கிராஸ் கன்ட்ரி சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினார்.

மாற்றுப் பயிற்சிகளில் நான் முதலில் வைப்பது ஆழமான தண்ணீரில் ஓடுவதை. இடுப்பில் மிதவை பெல்ட், கால் தரையைத் தொடாத ஆழம், தலை தண்ணீருக்கு மேலே. பிறகு நிலத்தில் ஓடுவது போலவே கையும் காலும் இயங்க வேண்டும். கால் தரையில் மோதுவது கிடையாது, அசைவு மட்டும் ஓட்டத்தின் அசைவு. 1990களில் ஓட்டக்காரர்களை 4 வாரம், 6 வாரம் என்று இப்படியே பயிற்சி செய்ய வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 4 வாரத்துக்குப் பிறகும் 5 கிலோமீட்டர் நேரம் மோசமாகவில்லை. 6 வாரத்துக்குப் பிறகும் விஓ2 மேக்ஸ் இறங்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். முதல் தடவை இறங்குபவர் முன்பக்கம் சாய்ந்து, நாய் நீச்சல் அடித்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று ஏறிவிடுவார். உடம்பு நேராக நிற்க வேண்டும், முட்டி மேலே வர வேண்டும், கால் பின்னால் முழுதாகத் தள்ள வேண்டும். வாட்ச்சையும் நம்பக்கூடாது. அதே சிரமத்துக்குத் தண்ணீரில் இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து குறைவாகவே காட்டும். மூச்சு வாங்குவதுதான் அளவு. தூரத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை மற்றவர்களுக்கு 800 மீட்டர் இன்டர்வெல் என்றால், தண்ணீரில் இருப்பவருக்கு 3 நிமிடம் வேகமாக, 1 நிமிடம் மெதுவாக, ஆறு முறை. இன்டர்வெல் இல்லாமல் முக்கால் மணி நேரம் தண்ணீரில் ஒரே மாதிரி துழாவுவது மகா போர்.

இதற்குக் குளம் வேண்டுமே என்பீர்கள். சிக்கல் அங்கேதான். பல குளங்களில் ஒரு மணி நேர பேட்ச், ஆழப் பக்கம் நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும், நடுவில் ஒருவர் செங்குத்தாக நின்று துழாவினால் லைஃப்கார்ட் விசில் ஊதுவார். தனியாளாகப் போய்க் கேட்டால் நடக்காது. நீங்கள் குழுவாக, கடிதத்தோடு போய், வாரத்தில் இரண்டு நாள் ஆழப் பக்கத்தில் ஓரமாக ஒரு லேன் கேட்கலாம். வேளச்சேரியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் வளாகம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றிலும் குளம் உண்டு. மிதவை பெல்ட்டுகள் ஐந்தாறு வாங்கிக் குழுவின் பொதுச் சொத்தாக வைத்தால் போதும், ஆளுக்கொன்று தேவையில்லை. நீச்சல் தெரியாதவர்களை மட்டும் பெல்ட்டை நம்பி ஆழத்தில் இறக்கிவிடாதீர்கள். அவர்களுக்கு மார்பளவுத் தண்ணீரில் நடை. அதில் பாதம் தரையைத் தொடும் என்பதால் ஃபிசியோவிடம் கேட்டுக்கொண்டு.

மற்றவை எல்லாம் எந்தக் காயம் என்பதைப் பொறுத்தது. சைக்கிள் நல்லதுதான், ஆனால் ஐடி பேண்ட் (தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை இறங்கும் நார்ப்பட்டை) வலி உள்ளவருக்கு அதுவே வலியைக் கிளறும். நின்றபடியே பெடலை மிதிக்கும் எலிப்டிகல் இயந்திரத்தில் மோதல் இல்லையே தவிர உடல் எடை காலில்தான் இருக்கிறது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரின் (திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் வரும் மெல்லிய விரிசல்) ஆரம்ப வாரங்களில் அது வேண்டாம். குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலீஸ் தசைநாரில் பிரச்சினை உள்ளவர் நீந்தும்போது சுவரை உதைத்துத் திரும்பக்கூடாது. செய்யும்போது வலித்தாலும் மறுநாள் காலை வலித்தாலும் அந்தப் பயிற்சி அவருக்கு இல்லை. தொடை எலும்பின் கழுத்திலோ பாதத்தின் நேவிகுலர் எலும்பிலோ விரிசல் என்றால், டாக்டர் சொல்லும் வரை குழு வாயைத் திறக்காமல் இருப்பதே உதவி.

இதைவிடப் பெரிய விஷயம் திரும்பி வரும் நாள். தண்ணீரிலும் சைக்கிளிலும் ஒழுங்காகப் பயிற்சி செய்தவரின் இதயமும் நுரையீரலும் தயாராக இருக்கும். எலும்பும் தசைநாரும் தயாராக இருக்காது. அவற்றின் மேல் அத்தனை வாரமாகப் பாரமே விழவில்லை. முதல் நாளே பழைய வேகத்தில் மூச்சு வாங்காமல் ஓட முடியும். பக்கத்தில் ஓடுபவர்கள் "செம கம்பேக்" என்பார்கள். மறுபடி அடிபடுவது இந்த வாரங்களில்தான். ஆகவே திரும்பி வருபவரை 2 நிமிட நடை, 1 நிமிட ஓட்டம் என்று தனியாகத் தொடங்கவையுங்கள். மாற்றுப் பயிற்சியை அன்றே நிறுத்தாமல், ஓட்டம் ஏற ஏற ஒவ்வொரு நாளாகக் கழட்டுங்கள். அவர் முறைப்பார், பரவாயில்லை.

அடிபட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை டிஃபனுக்கும் வருவதில்லை, ஓடாமல் சாப்பிட மட்டும் வருவதற்குக் கூச்சம். குளத்துப் பயிற்சியை அதே ஞாயிறு அதே நேரத்தில் வைத்தால் அந்தக் கூச்சத்துக்கு வேலை இருக்காது.

அடுத்த சீசனுக்கான அட்டவணை ஜூலை வாக்கில் வெளியாகும். அதற்கு முன் ஒரு ஃபிசியோவையும் ஒரு நீச்சல் பயிற்சியாளரையும் உட்காரவைத்து, ஒவ்வொரு வாரத்துக்கும் மாற்றுப் பயிற்சியை நிரப்பிவிடலாம். எக்செல் ஷீட் போடுவது, குளங்களுக்கு அலைவது இரண்டுக்கும் நான் தயார். எந்தக் குழு முதலில் கூப்பிட்டாலும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் குழுக்களில் ஒன்றில் ஓடும் பழைய உறுப்பினர்