ப்ரீஆம்ப் வாங்குமுன் ஒரு கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். ஸ்பீக்கரும் அதை இயக்கும் பவர் ஆம்பும் வந்துவிட்டன, இனி பவர் ஆம்புக்கு முன்னால் வைத்து வால்யூமைக் கட்டுப்படுத்தும் ப்ரீஆம்ப்தான் பாக்கி, வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்ததை எடுப்பதா, டிரான்சிஸ்டரை எடுப்பதா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்: உன் கருவிகளுக்கு இன்னும் பெருக்கம் தேவைதானா?

சிடி பிளேயர் உச்ச அளவில் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். பெரும்பாலான பவர் ஆம்ப்கள் 1 முதல் 2 வோல்ட்டுக்குள்ளேயே தம் முழுத் திறனை எட்டிவிடும். 20 டெசிபெல் பெருக்கம் உள்ள ப்ரீஆம்பை நடுவில் வைத்தால் மின்னழுத்தம் பத்து மடங்காகும். அந்த 20 வோல்ட்டை வைத்துக்கொண்டு நீ செய்யப்போவதெல்லாம் வால்யூமைக் குறைப்பதுதான்.

நான் அப்படித்தான் ஏமாந்தேன். முதலில் வாங்கிய ப்ரீஆம்பில் குமிழைக் கடிகார முள்ளின் எட்டு மணி நிலையிலிருந்து மயிரிழை நகர்த்தினாலே அறை அதிரும். இரவில் மெதுவாகக் கேட்கலாம் என்று குறைத்தால், இடது ஸ்பீக்கர் பாடும், வலது வாய் திறக்காது. இன்னும் சற்றுத் திருப்பினால்தான் அதுவும் சேர்ந்துகொள்ளும். வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறு மின்தடையான சாதாரண கார்பன் பொட்டென்சியோமீட்டரில், இடது வலது என்ற இரு பாதைகளும் தொடக்கப் பகுதியில் ஒன்றோடொன்று ஒத்துப்போவது அரிது என்பதை அன்றுதான் அறிந்தேன். பெரும்பாலான வடிவமைப்புகளில் வால்யூம் குமிழ் பெருக்கும் பகுதிக்கு முன்னால் இருப்பதால், அதைக் குறைத்தாலும், பெருக்கும் பகுதியிலிருந்து வந்து ட்வீட்டரில் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கரில்) கேட்கும் சீற்றம் குறையாது. ஆகவே பெருக்கம் 6 முதல் 12 டெசிபெல் வரை உள்ளதையோ, பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதையோ தேடு. வால்யூமுக்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அல்லது படிப்படியாக நகரும் சுவிட்ச் வைத்திருந்தால், விலை சற்றுக் கூடினாலும் நான் அதற்கே பணம் கொடுப்பேன். அழகான முகப்புத் தகட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

பெருக்கமே வேண்டாமென்றால், வெறும் பொட்டென்சியோமீட்டரைப் பெட்டிக்குள் வைத்த பாசிவ் ப்ரீஆம்ப் போதாதா என்று கேட்பாய். சில இடங்களில் போதும். ஆனால் 50 கிலோ ஓம் பொட்டென்சியோமீட்டரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கு எதிரான தடை), குமிழின் ஒரு நிலையில் 12.5 கிலோ ஓம் வரை ஏறும். அதன் பின் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் கொள்திறன் உள்ள கேபிளை 5 மீட்டர் நீட்டினால், 25 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே ஒலி 3 டெசிபெல் சரிந்துவிடும். 20 கிலோஹெர்ட்ஸிலேயே இழப்பு தொடங்கியிருக்கும். 10 கிலோ ஓம் பொட்டென்சியோமீட்டரும் குட்டையான கேபிளும் என்றால் இந்தக் கவலை இல்லை.

வால்வு வகையில் சிக்கல் வேறு திசையில் வரும். பலவற்றில் வெளியீட்டில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது 1 மைக்ரோஃபாரட் என்று வை: பவர் ஆம்பின் உள்ளீடு 100 கிலோ ஓம் என்றால் பேஸ் பத்திரம்; 10 கிலோ ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் போய்விடும், அதற்குச் சற்று மேலுள்ள பேஸும் மெலியும். பவர் ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ், ப்ரீஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸைப்போல் குறைந்தது பத்து மடங்காவது இருக்கட்டும். வால்வின் ஒலி எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த எண் பொருந்தாவிட்டால் அந்த இனிமை உன் வீட்டில் கிடைக்காது.

டர்ன்டேபிள் உண்டா என்று நீ சொல்லவில்லை. இசைத்தட்டைப் படிக்கும் ஊசி பொருத்திய மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதற்கு 40 டெசிபெல் அளவு பெருக்கமும், 47 கிலோ ஓம் உள்ளீடும், இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த பேஸையும் கூட்டிப் பதிந்த உச்ச ஒலியையும் சரிசெய்யும் ஆர்ஐஏஏ சமனாக்கமும் தனியாக வேண்டும். இதைத் தனிப் பெட்டியாக வாங்குவதே பின்னாளில் மாற்ற வசதி.

இப்போதைக்கு உன் பவர் ஆம்பின் கையேட்டைத் திறந்து, முழுத் திறனுக்கு எத்தனை வோல்ட், உள்ளீடு எத்தனை கிலோ ஓம் என்ற இரண்டையும், இடையே போகும் கேபிளின் நீளத்தையும் எனக்கு எழுது. அவை தெரிந்த பின் வால்வா டிரான்சிஸ்டரா என்று பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்