"இங்கெல்லாம் தண்ணி வருமா?" என்று கேட்டவர்களுக்கு

மதுரையில் கால்வாய்களையும் பேரிடர் மேலாண்மையையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் செல்லூரில் எங்கள் தெருவுக்கு வந்த உங்கள் அலுவலர் முதலில் கேட்டது, "இங்கெல்லாம் தண்ணி வருமா?" பக்கத்து வீட்டு அக்கா பதிலே சொல்லாமல் உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். 2024 அக்டோபர் 25-ல் தண்ணீர் நின்ற கறை, சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. அலுவலர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்னால் வந்தவரும்தான் எடுத்தார், மாறுதலாகிப் போனவரோடு அந்தப் படமும் போய்விட்டது போல.

அன்று கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டி, பந்தல்குடி கால்வாய் தாங்காமல் போனது உங்களுக்கே தெரியும். தெருத்தண்ணீர் வாசல்படி ஏறுவதற்கு முன்பே கக்கூஸ் வழியாகச் சாக்கடை வீட்டுக்குள் பொங்கிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் கக்கூஸ் அடைத்தே கிடந்ததால், பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, உறவுக்காரர் வீட்டுக்கு நடந்து, அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். உங்கள் நிவாரணப் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நாங்கள் கேட்பது ஒரு பதிவேடு. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, எந்த வழியாக வந்தது, எப்போது வடிந்தது என்று எழுதி, ஆள் மாறினாலும் அலுவலகத்திலேயே இருக்கிற பதிவேடு. மழைக்கு முன்னால் அதைப் பார்த்துத் தூர்வாருங்கள்.

ஒடிசாவில் 1999 புயலில் பத்தாயிரம் பேர் வரை செத்தார்கள். அதை மறக்காமல் புயல் காப்பகம் கட்டி, ஊர் ஊராக ஆட்களைப் பழக்கி வைத்ததால், 2013-ல் பைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்த முடிந்தது, சாவு சில பத்துகளோடு நின்றது. அவ்வளவு தூரம் ஏன், நம்ம ஊரிலேயே ஆவணி தவறாமல் புட்டுத் திருவிழா நடத்துகிறோமே. அந்தக் கதையில், வைகை உடைத்தபோது வீட்டுக்கு இவ்வளவு கரை என்று பாண்டியன் அளந்து பங்கு வைத்தான், புட்டு விற்ற கிழவி வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்ததும் அவன் ஆட்களுக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டர் இல்லாத ராஜாங்கத்தில் கணக்கு இருந்திருக்கிறது!

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். ஐப்பசிக்கு முன்னால் அந்தப் பதிவேட்டைத் தயவுசெய்து தொடங்குங்கள். நகல் ஒன்றை வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள், விடுபட்ட வீடுகளை நாங்களே வந்து சொல்கிறோம்.

இப்படிக்கு,
செல்லூர்வாசி